முற்றிய பெருங்குடல் புற்று, ஏழு மணி நேர அறுவை, அதன்பின் வந்த நான்கு சிக்கல்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பெரிய அறுவை ஒன்றைப் பற்றி எழுதினால் படிக்கிறவர்கள் அறுவையைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை மணி நேரம், எதையெல்லாம் எடுத்தீர்கள், எவ்வளவு ரத்தம் போனது என்று. அதையும் சொல்கிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்கு அடுத்து வந்த வாரங்களைப் பற்றி. புதுச்சேரியில் நாங்கள் அறுவை செய்த ஒருவருக்கு அடுத்தடுத்து நான்கு பெரிய சிக்கல்கள் வந்தன. நான்கில் ஒன்றைக்கூட முதலில் கண்டது அறுவை மருத்துவரும் இல்லை, ஸ்கேனும் இல்லை. இரவு டூட்டி செவிலியர், நோயாளியின் மனைவி, கட்டு மாற்ற வந்த செவிலியர், கடைசியில் கல்லூரியில் படிக்கும் மகள். இவர்கள் சொன்னதைக் கேட்டு உடனே எழுந்து போய்ப் பார்த்ததால்தான் அவர் இன்று இருக்கிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவரும் குடும்பமும் எழுதச் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

நோயாளிக்கு 57 வயது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு, கூடவே சில பலா மரங்கள். சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது, புகை பழக்கத்தைப் பல வருடம் முன்பே விட்டவர். எங்களிடம் வரும்போது எடை 54 கிலோ, ஒரு வருடம் முன்பு 68 இருந்திருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் அவருக்குத் திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஐந்து நாள் மாத்திரை, கொஞ்சம் குறையும், மறுபடி வரும். ஒரு இடத்தில் புரோஸ்டேட் வீக்கம் என்று சொல்லி அதற்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நான் உட்காரவைத்து மெதுவாகக் கேட்டபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒண்ணுக்குப் போவும்போது சோடா மாதிரி காத்து காத்தா வருது சார். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

இந்த ஒரு வாக்கியம் போதும். சிறுநீரில் காற்று வந்தால் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் வழி ஏற்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். கத்தீட்டர் போட்டவர்களுக்குச் சில நாள் காற்று வரலாம், சர்க்கரை நோயாளிகளுக்குக் காற்றை உண்டாக்கும் கிருமித்தொற்று அபூர்வமாக வரும். இவருக்கு இரண்டுமே இல்லை. குடலில் இருந்து காற்றும் மலக்கிருமியும் சிறுநீர்ப்பைக்குள் போய்க்கொண்டே இருக்கும்வரை எந்த மாத்திரையும் அந்த நீர்க்கடுப்பை நிரந்தரமாக நிறுத்தாது. ஆண்களுக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால் காற்று வருகிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

சி.டி. ஸ்கேனில் பெருங்குடலின் சிக்மாய்டு பகுதியில் (மலக்குடலுக்குச் சற்று மேலே உள்ள வளைவு) 9 செ.மீ. கட்டி. சிறுநீர்ப்பையின் மேற்கூரையைத் துளைத்து உள்ளே போயிருந்தது, சிறுகுடலின் ஒரு வளைவும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது, இடது சிறுநீரகக் குழாய் இழுபட்டு மேலே லேசாக வீங்கியிருந்தது. கல்லீரலிலும் நுரையீரலிலும் பரவல் தெரியவில்லை. ரத்தத்தில் பார்க்கும் புற்றுக் குறியீடான சி.இ.ஏ. 46. ஹீமோகுளோபின் 8.1, ரத்தப் புரதமான அல்புமின் 2.8, இரண்டும் குறைவு. குடலுக்குள் பார்க்கும் கொலோனோஸ்கோப் கட்டியைத் தாண்டிப் போகவில்லை, எடுத்த சதையில் அடினோகார்சினோமா, அதாவது புற்று.

நேராக அறுவைக்குப் போவதா, முதலில் கீமோ கொடுப்பதா என்று மருத்துவர்கள் கூட்டத்தில் நன்றாகவே விவாதித்தோம். 2023-இல் வெளியான ஃபாக்ஸ்ட்ராட் ஆய்வில், அறுவைக்கு முன் 6 வாரம் கீமோ பெற்றவர்களில் இரண்டு வருடத்துக்குள் நோய் மிஞ்சியதோ திரும்பியதோ 16.9 சதவீதம். நேராக அறுவை செய்தவர்களில் அது 21.5 சதவீதம். மரபணுப் பிழைகளைத் திருத்தும் எம்.எம்.ஆர். புரதங்களில் குறைபாடு உள்ள கட்டியாக இருந்தால் கதையே வேறு. 2024-இல் வந்த நிச்-2 ஆய்வில் அப்படிப்பட்டவர்களுக்கு அறுவைக்கு முன் இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்து) கொடுத்ததில் 68 சதவீதம் பேரின் கட்டியில் உயிருள்ள புற்றணுவே மிஞ்சவில்லை. அதனால் பயாப்சியிலேயே இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும், இந்தியாவில் எல்லா இடத்திலும் தானாகச் செய்வதில்லை. இவருக்கு அந்தப் புரதங்கள் நான்கும் சரியாக இருந்தன. குடலில் பாதி அடைப்பு, சிறுநீர்ப்பை வழியாக ஓயாத தொற்று. இந்த நிலையில் கீமோவில் வெள்ளணு குறைந்தால் தொற்று ரத்தத்தில் ஏறிவிடும் என்ற பயத்தில் அறுவையை முன்னால் வைத்தோம். அதற்கு முன் இரண்டு வாரம் உடம்பைத் தேற்றினோம்: நரம்பு வழியாக இரும்புச் சத்து, சக்கை இல்லாத புரத பானம், தினமும் வராண்டாவில் நடை, மூச்சுப் பயிற்சி. 14 கிலோ குறைந்து வந்தவரை அப்படியே மேசையில் ஏற்றக் கூடாது. ஆனால் இரண்டு வாரத்தில் அல்புமின் பெரிதாக ஏறிவிடும் என்று எதிர்பார்ப்பதும் தப்பு. உடம்பில் அழற்சி இருக்கும்வரை அது கீழேதான் நிற்கும்.

அறுவைக்கு முன் அவரையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினேன். இணைத்துத் தைத்த குடல் கசியலாம், சிறுநீர்ப்பைத் தையல் கசியலாம், வயிற்றில் பை வைக்க வேண்டிவரும், மறுபடி மேசைக்குப் போக வேண்டிவரலாம், உயிருக்கே ஆபத்து வரலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதெல்லாம் வந்தா எனக்கு எப்படி சார் தெரியும்?" அதற்கு என்னிடம் இருந்த பதிலைச் சொன்னேன்: நாடித் துடிப்பு கூடும், வயிறு உப்பும், மூச்சு வாங்கும், பேச்சு மாறும், ஆள் வழக்கமான ஆளாக இருக்க மாட்டார், அப்போது யாரையாவது எழுப்புங்கள்.

அறுவை ஏழு மணி நேரம். முதலில் இரண்டு சிறுநீரகக் குழாய்களிலும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய். அப்புறம் சிக்மாய்டு, மலக்குடலின் மேல் பகுதி, சிறுநீர்ப்பையின் மேற்கூரை, 45 செ.மீ. சிறுகுடல் எல்லாவற்றையும் பிரிக்காமல் ஒரே துண்டாக எடுத்தோம். ஒட்டியிருப்பது அழற்சியாலா புற்றாலா என்று கையால் தடவிச் சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்கலாம் என்று விரலை விட்டால் புற்றணு வயிற்றுக்குள் சிந்தும், முழுதாக எடுத்ததற்கான பலனே போய்விடும். இடது சிறுநீரகக் குழாய் வெட்டாமல் விடுபட்டது. பெருங்குடலை மலக்குடலோடு ஸ்டேப்ளரால் இணைத்தோம், காற்று ஊதிப் பார்த்ததில் கசிவு இல்லை. அல்புமின் 2.8 உள்ளவருக்கு இந்த இணைப்பை நம்பி அப்படியே விட முடியாது, அதனால் சிறுகுடல் இணைப்புக்கும் மேலே லூப் இலியோஸ்டமி வைத்தோம், அதாவது சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றுத் தோலில் திறந்து, மலம் வெளியே ஒரு பையில் விழும்படி செய்தோம். இதில் ஒரு விலை உண்டு. எடுத்ததும் தாண்டிவிட்டதுமாகச் சேர்த்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு மீட்டருக்கு மேல் வேலையில் இல்லை. பின்னால் வந்த நான்காவது சிக்கலின் வேர் இங்கேதான். ரத்த இழப்பு 900 மி.லி., இரண்டு யூனிட் ஏற்றினோம்.

முதல் சிக்கல்: ட்ரெய்னில் வந்த நீர்

அறுவை முடிந்த மூன்றாம் நாள் இரவு. தேங்கும் நீரை வெளியேற்ற இடுப்புக்குழியில் வைத்திருந்த குழாயான ட்ரெய்னில் அன்று 650 மி.லி. வந்திருந்தது. பெரிய அறுவைக்குப் பிறகு, அதுவும் அல்புமின் குறைந்தவருக்கு, இப்படி வெளிர் மஞ்சளாக நிறைய வருவது வழக்கம்தான், பலரும் அப்படியே எழுதிவிட்டுப் போவார்கள். இரவு டூட்டி சிஸ்டர் இரண்டு பைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். முந்தின நாளைவிட யூரின் பையில் குறைந்த அளவும் ட்ரெய்ன் பையில் கூடிய அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது. நிறமும் ஒன்று. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, "இது யூரின் மாதிரி தெரியுது, கிரியாட்டினின் அனுப்பலாமா" என்று கேட்டிருக்கிறார்.

சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.9, ட்ரெய்ன் நீரில் 17. சாதாரண வயிற்று நீராக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கும். இப்படிப் பல மடங்கு இருந்தால் அது சிறுநீர்தான். இன்னொன்றும் இதில் கவனிக்க வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினின் 1.0-இலிருந்து 1.9-க்கு ஏறியதைப் பார்த்து சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று நினைத்து நரம்பில் திரவத்தைக் கூட்டினால் நோய் ஒரு பக்கம், வைத்தியம் ஒரு பக்கம் ஆகிவிடும். வயிற்றுக்குள் கசிந்த சிறுநீரை வயிற்றின் உள்ளுறையான பெரிட்டோனியம் உறிஞ்சி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது, எண் ஏறுவது அதனால்தான். மறுநாள் சிறுநீர்ப்பைக்குள் கான்ட்ராஸ்ட் (ஸ்கேனில் தெரியும் திரவம்) செலுத்தி எடுத்த சி.டி.யில் மேற்கூரைத் தையலில் சின்னக் கசிவு தெரிந்தது. கத்தீட்டரில் அடைத்திருந்த ரத்தக்கட்டியைக் கழுவி எடுத்துவிட்டு, மூன்று வாரம் கத்தீட்டரைத் தொடர்ந்து வைத்தோம். சிறுநீர்ப்பை எப்போதும் காலியாக இருந்தால் தையல் தானே மூடிக்கொள்ளும், மூடிக்கொண்டது. மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது: "இது அவரு இல்ல சார்"

ஐந்தாம் நாள் விடியற்காலை. ஜுரம் 37.6 டிகிரிதான். அடிவயிற்றில் லேசான வலி, எபிடியூரல் (முதுகு வழியாகக் கொடுக்கும் வலி மருந்து) இருந்ததால் அதுவும் மங்கல். ஸ்டோமாவில் (இலியோஸ்டமியின் வாய்) காற்றும் கொஞ்சம் நீரும் வந்திருந்தது, அதனால் எல்லாரும் குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று சந்தோஷத்தில் இருந்தார்கள். மனைவி மட்டும் வார்டு மேசைக்கு வந்து நின்றிருக்கிறார். "ராத்திரி பூரா கையில இருக்கிற குழாயப் புடிச்சி இழுக்கிறாரு. தோப்புக்குப் போவணும், கொட்டை பொறுக்க ஆள் வந்து நிக்கிறாங்கன்றாரு. இது அவரு இல்ல சார்." போய்ப் பார்த்தால் நாடி 118, மூச்சு நிமிடத்துக்கு 26.

இளம் மருத்துவர்கள் இங்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். குடல் இணைப்பு கசிவதன் முதல் அறிகுறி பெரும்பாலும் வயிற்றில் தெரியாது. நாடி கூடும், மூச்சு கூடும், சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும். புத்தி தடுமாறினால் தூக்க மருந்து, துடிப்பு தாறுமாறானால் இதய மருந்து என்று கொடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடாமல் போனால் ஒரு நாள் முழுதாகப் போய்விடும். அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்பதைக் கசிவில் ஒருவரை இழந்த எந்த வார்டையும் கேட்டால் சொல்வார்கள்.

அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் 168, நான்காம் நாள் 231. பெரிய அறுவைக்குப் பிறகு எல்லாருக்கும் இது ஏறும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும். 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு மூன்றாம் நாளுக்கு 172, நான்காம் நாளுக்கு 124, ஐந்தாம் நாளுக்கு 144 என்று எல்லை சொன்னது. அதற்குக் கீழே இருந்தால் கசிவு இல்லை என்று ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். மேலே இருந்தால் கசிவு என்று அர்த்தமில்லை, நுரையீரல் தொற்றாகவும் இருக்கலாம், இவருக்கு இருந்தது போலச் சிறுநீர்க் கசிவாகவும் இருக்கலாம். இறங்க வேண்டிய நாளில் ஏறினால் தேட ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான். இவர் விஷயத்தில் சிறுநீர்க் கசிவு ஏற்கெனவே ஒரு விளக்கமாகக் கையில் இருந்தது, அதன் மேல் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவது சுலபம். அந்தம்மா வந்து நின்றதால் அது நடக்கவில்லை.

அன்று காலையே மலக்குடல் வழியாகக் கான்ட்ராஸ்ட் கொடுத்து சி.டி. எடுத்தோம். இணைப்புக்குப் பின்னால், திரிக எலும்புக்கு (முதுகெலும்பின் அடிப்பகுதி) முன்னால் 6 செ.மீ. தேக்கம், உள்ளே காற்றுக் குமிழ்கள், கான்ட்ராஸ்ட் மெல்லிய கோடாக அதற்குள் போகிறது. கசிவு உறுதி. மேலே இலியோஸ்டமி இருந்ததால் மலம் அங்கே தொடர்ந்து வரவில்லை, ரத்த அழுத்தமும் தாங்கியது, அதனால் மேசைக்குப் போகாமல் ஸ்கேன் பார்த்தபடியே பிட்டம் வழியாகக் குழாய் செலுத்தி 80 மி.லி. சீழை எடுத்தார்கள். வளர்ப்புப் பரிசோதனையில் ஈ.எஸ்.பி.எல். வகை ஈ.கோலை, பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத குடல் கிருமி. ஆரம்பித்திருந்த பைபராசிலினை மாற்றி மெரோபெனெம். ஒரு வருடமாக மாற்றி மாற்றி ஆன்டிபயாட்டிக் தின்ற உடம்பில் வேறு என்ன கிருமி இருக்கும்? அதிலிருந்து மூன்றாம் நாள் அவர் தெளிவாகி, மனைவியிடம் தோப்புக் கணக்கு கேட்டார்.

இலியோஸ்டமி வைத்தால் கசிவு வராது என்று சிலர் நினைக்கிறார்கள். வரும். கசிந்தாலும் ஆளைக் கொல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முக்கிய வேலை.

மூன்றாவது: இளஞ்சிவப்பு நீர்

ஒன்பதாம் நாள் கட்டு மாற்றும்போது துணி முழுக்க நனைந்திருந்தது. வெளிர் சிவப்பாக, ரத்தம் கலந்த தெளிந்த நீர், நாற்றமில்லை, சீழில்லை. தோல் தையல் அப்படியே நன்றாக இருந்தது. கட்டு மாற்றிய சிஸ்டர் அதைத் துடைத்துவிட்டுப் புதுக் கட்டுப் போடாமல், நோயாளியை எழுந்து உட்காரவிடாமல், இருமல் வந்தால் வயிற்றை அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு எங்களை அழைத்தார். தோல் மூடியிருக்கும்போதே அடியில் தசை உறைத் தையல் விட்டுப்போனால் இந்த நீர்தான் முதலில் வரும். ஒரு பலத்த இருமல் போதும், குடல் வெளியே வந்துவிடும்.

ஒரு மணி நேரத்தில் மேசைக்குப் போனோம். உறை கீழ்ப்பாதியில் 10 செ.மீ. பிரிந்திருந்தது. உள்ளே சிறுகுடல் இணைப்பு ஆரோக்கியமாக இருந்தது, அதைத் தொடவில்லை. கழுவி, விளிம்பைச் சீர்செய்து, மறுபடி தைத்து, தோலைத் திறந்தபடியே விட்டு காயத்து நீரை உறிஞ்சும் வாக்யூம் கட்டுப் போட்டோம். காரணம் தேட வேண்டியதில்லை: சத்துக் குறைவு, வயிற்றுக்குள் தொற்று, இருமல், மூன்றும் ஒரே ஆளிடம்.

இந்த இடத்தில் ஒரு புள்ளிவிவரம். 2009-இல் காஃபெரி குழுவினர் அமெரிக்க மருத்துவமனைகளில் பொது அறுவையும் ரத்தக்குழாய் அறுவையும் செய்துகொண்டவர்களை ஆராய்ந்து நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார்கள். இறப்பு மிகக் குறைந்த மருத்துவமனைகளில் சிக்கல் வந்தவர்கள் 24.6 சதவீதம், இறப்பு மிக அதிகமான மருத்துவமனைகளில் 26.9 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் முதல் வகையில் 12.5 சதவீதம், இரண்டாம் வகையில் 21.4 சதவீதம். சிக்கல் எங்கேயும் வருகிறது. வந்ததை யார் எப்போது கண்டார், கண்டவர் சொன்னபோது யார் எழுந்து வந்தார் என்பதில்தான் ஆள் பிழைக்கிறார். எங்கள் வார்டில் ட்ரெய்ன் பையைப் பார்த்த சிஸ்டருக்கும் கட்டை அவிழ்த்த சிஸ்டருக்கும் டாக்டரை நேராகக் கூப்பிடத் தயக்கம் இருக்கவில்லை. அந்தத் தயக்கம் இருக்கும் வார்டுகளில் என்ன விலை உயர்ந்த கருவி இருந்தும் பிரயோஜனம் கிடையாது.

24-ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். ஸ்டோமா வெளியேற்றம் அப்போது நாளுக்கு 900 மி.லி., ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவு.

நான்காவது: தாகம்

மே மாதம், கத்திரி வெயில். இலியோஸ்டமி உள்ளவருக்குக் கடலூர் மாவட்டத்தின் கத்திரி வெயில் என்பது தனி ஆபத்து. பையிலும் உப்பு போகிறது, வேர்வையிலும் உப்பு போகிறது. ஊரில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், உடம்பு சூடு, நல்லா தண்ணி குடிக்கணும், இளநீர் குடிக்கணும் என்று. அவருக்கும் தீராத தாகம். நாளைக்கு ஐந்தாறு இளநீர், சொம்பு சொம்பாகத் தண்ணீர், பை ஒரு மணிக்கு ஒருதரம் நிரம்புகிறது, நிரம்ப நிரம்பத் தாகம் கூடுகிறது, மறுபடி தண்ணீர்.

சிறுகுடலின் மேல்பகுதிச் சுவர் உப்பைத் தக்கவைக்கத் தெரியாதது. அங்கே இருக்கும் திரவத்தில் லிட்டருக்கு 90 முதல் 100 மில்லிமோல் சோடியம் இருக்கும். உப்பில்லாத தண்ணீர் உள்ளே போனால், அந்தத் தண்ணீரைச் சமன்செய்ய உடம்பு தன் ரத்தத்தில் இருக்கும் சோடியத்தைக் குடலுக்குள் தள்ளும், பின்னாலேயே தண்ணீரும் போகும். முழு நீளச் சிறுகுடல் உள்ளவருக்குக் கடைசிப் பகுதி இதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இவருக்கு அந்தக் கடைசிப் பகுதி வேலையில் இல்லை. ஆக, குடிக்கக் குடிக்க வற்றுகிறார். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை பரவாயில்லை, அதன் வேலை குறைந்துவிட்டால் அதே இளநீர் இதயத்தை நிறுத்தும்.

மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த பெண். டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் இருந்ததை அவர் ஒருவர்தான் அந்த வீட்டில் படிக்கக்கூடியவர். நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் உடனே கூப்பிடவும் என்று அதில் ஒரு வரி. காலி லிட்டர் பாட்டிலில் பையை ஊற்றி அளந்திருக்கிறார். விடியலில் இருந்து மாலை வரை மூன்று பாட்டில். "கால் ரெண்டும் கெண்டைச்சதை இழுத்துக்குதுன்னு அழறாரு டாக்டர், காலைல இருந்து ஒண்ணுக்கே போவல" என்று போன் செய்தார். வழியில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு 108-இல் கொண்டுபோய் முதலில் சலைன் போட்டுக்கொண்டு வாருங்கள், நேராக இங்கே வர வேண்டாம் என்றோம். அங்கே இருந்த டியூட்டி டாக்டர் ஒரு லிட்டரை வேகமாக ஏற்றி, இன்னொன்றை ஓடவிட்டபடியே அனுப்பினார். பண்ருட்டியில் இருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த இரண்டு பாட்டில் இல்லாமல் அவர் வந்து சேர்ந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

வந்தபோது ரத்த அழுத்தம் 84/50, சோடியம் 122, பொட்டாசியம் 6.2, கிரியாட்டினின் 4.1, மெக்னீசியம் 0.9. இ.சி.ஜி.யில் உயர்ந்த கூரான டி அலைகள், பொட்டாசியம் இதயத்தைத் தொட்டுவிட்டதன் அடையாளம். கால்சியம் குளுகோனேட், இன்சுலினோடு டெக்ஸ்ட்ரோஸ், நார்மல் சலைன். சோடியத்தை ஒரே நாளில் ஏற்றிவிடத் தோன்றும், ஏற்றக் கூடாது, 24 மணி நேரத்தில் 8 முதல் 10-க்கு மேல் போனால் மூளைத்தண்டு பாதிக்கும். மெக்னீசியத்தை நரம்பு வழியாகக் கொடுத்தோம். ஒரு வாரத்துக்குள் கிரியாட்டினின் 1.3-க்கு இறங்கியது, டயாலிசிஸ் தேவைப்படவில்லை.

அப்புறம் வெளியேற்றத்தைக் குறைக்கும் வேலை. வெறும் தண்ணீர், டீ, இளநீர், மோர் எல்லாம் சேர்த்து நாளுக்கு அரை லிட்டருக்குள். மீதி முழுக்க உப்புக் கரைசல். கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் சோடியம் 75 மில்லிமோல்தான், வயிற்றுப்போக்குக்காக 2002-இல் குறைத்த அளவு அது. இவரைப் போன்றவர்களுக்கு 90-க்கு மேல் வேண்டும். அதனால் லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தோம், 100-ஐத் தொடும். சிறுநீரகமும் பொட்டாசியமும் சரியான பிறகுதான் இதை ஆரம்பித்தோம், பாக்கெட்டில் பொட்டாசியம் இருக்கிறது. குடிக்க நன்றாக இருக்காது, குளிரவைத்து வாய் வாயாகக் குடிக்கச் சொன்னோம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி அவருக்கு இதைவிடப் பிடித்தது, அதையும் சேர்த்துக்கொண்டோம். குடல் ஓட்டத்தை மெதுவாக்கும் லோபரமைடு 4 மி.கி. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, நாளுக்கு நான்கு வேளை. முழுக் காப்ஸ்யூல் அப்படியே பையில் வந்து விழுந்தது, அதனால் பிரித்துத் தூளாகக் கொடுத்தோம். கூடவே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல். மூன்று லிட்டர் ஒரு வாரத்தில் 1.1 லிட்டருக்கு வந்தது.

பலாவும் முந்திரியும் கூடாது என்று சொன்னபோது அந்தம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. பண்ருட்டிக்காரர்களிடம், அதுவும் பலா சீசனில். சுளையின் நாரும் சரியாக மெல்லாத முந்திரியும் ஸ்டோமா வாயில் கட்டிக்கொண்டு அடைக்கும், முதல் சில வாரத்துக்கு வேண்டாம், பிறகு கொஞ்சமாக நன்றாக மென்று சாப்பிடலாம் என்று விளக்கினோம்.

இதற்குப் பிறகு எங்கள் டிஸ்சார்ஜ் தாள் தமிழில்தான் போகிறது. ஒரு பக்கம், பெரிய எழுத்து. பையை எதில் அளப்பது, எத்தனை பாட்டில் ஆனால் கூப்பிடுவது, என்ன குடிக்கலாம், எது கூடாது, சிறுநீர் என்ன நிறம், கெண்டைக்கால் இழுத்தால் என்ன செய்வது. வீட்டில் யார் அளக்கப் போகிறார் என்று கேட்டு, அவரையே வார்டில் ஒருமுறை அளக்க வைத்துவிட்டுத்தான் அனுப்புகிறோம். ஒரு வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பெண் விடுமுறையில் இருக்கிறாளா என்பதை நம்பி ஒருவரின் சிறுநீரகத்தை விடக் கூடாது.

புற்று என்ன ஆயிற்று

நோய்க்கூறு அறிக்கை நல்லதும் கெட்டதும் கலந்தது. எல்லா விளிம்பிலும் புற்று இல்லை. சிறுநீர்ப்பைக்குள்ளும் சிறுகுடல் சுவருக்குள்ளும் உண்மையாகவே புற்று ஊடுருவியிருந்தது, பிரித்துப் பார்க்காமல் விட்டது சரி. 21 நிணநீர் முடிச்சுகளில் இரண்டில் புற்று. டி4பி, என்1பி, அதாவது மூன்றாம் நிலையின் சி பிரிவு.

கீமோவை எட்டு வாரத்துக்குள் ஆரம்பித்திருக்க வேண்டும். இவருக்கு 11-ஆம் வாரம் ஆகிவிட்டது. சிக்கல்களின் மறைமுகச் சேதம் இதுதான், கசிவில் இருந்து பிழைத்தாலும் கீமோ தள்ளிப்போகிறது, தள்ளிப்போகப் போக அதன் பலன் தேய்கிறது. கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை வசதிதான், ஆனால் அது வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், இப்போதுதான் பையை அடக்கியிருக்கிறோம், சிறுநீரகமும் அடிவாங்கியிருக்கிறது. அதனால் நரம்பு வழியாக ஃபால்ஃபாக்ஸ் (ஆக்சாலிபிளாட்டின் சேர்ந்த கீமோ மருந்துக் கூட்டு), ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் மெக்னீசியமும் கிரியாட்டினினும். ஏழாவது சுற்றில் விரல் நுனி மரத்துப்போய், முந்திரிக்கொட்டையை விரலால் பொறுக்கினால் கையில் இருக்கிறதா விழுந்ததா என்றே தெரியவில்லை என்றார். ஆக்சாலிபிளாட்டினை நிறுத்திவிட்டு மற்றதை முடித்தோம்.

அதற்குப் பிறகு மலக்குடல் வழியாகக் கான்ட்ராஸ்ட் செலுத்திப் பார்த்து, இணைப்பு மூடியிருப்பதை உறுதிசெய்துகொண்டு இலியோஸ்டமியை உள்ளே வைத்தோம். முதல் சில வாரம் நாளுக்கு ஏழெட்டு முறை போனார், இப்போது மூன்று. சி.இ.ஏ. 2.8. சி.டி.யில் நோய் தெரியவில்லை. சிறுநீரில் காற்று இல்லை. நடுவயிற்றுத் தழும்பில் ஹெர்னியா வந்திருக்கிறது, இரண்டாம் முறை தைத்த வயிற்றில் எதிர்பார்த்ததுதான். வலை வைத்துத் தைப்பதை இன்னும் ஒரு வருடம் நோய் திரும்பாமல் போன பிறகு செய்யலாம் என்று முடிவு. அதுவரை பெல்ட், மூட்டை தூக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. பார்க்க வருகிறார், மகள்தான் கூட்டிக்கொண்டு வருகிறார்.